கார்டுல வந்த மாமன் சீரு

எங்க தம்பி கவியரசன யாராச்சும் ஊதாரின்னு சொன்னாங்க, மாவுக் கரண்டியாலயே வாய் மேல ஒன்னு போடுவேன், ஆமா. பீடி கெடையாது, பிராந்தி கெடையாது. திருவிழாவுக்குப் போனாக்கூட பாக்கெட்டுல வேர்க்கடலைய மடிச்சி எடுத்துக்கினு போறவன் அவன். மாசம் தவறாம கடன் கட்டறதுல அவன மாதிரி ஒர்த்தன எங்க சொந்தத்துலயே நான் பாத்ததில்ல. கட்டிக் கட்டியே கவுந்தான். அந்தக் கொடுமையத்தான் சொல்லப் போறேன், கேளுங்க.

எம்பேரு மலர்விழி. கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டாண்ட காலையில மட்டும் இட்லிக் கடை போடறேன். எங்க வூட்டுக்காரரு பகலவன், கோமுகி தண்ணி பாயற குத்தகை நெலத்துல கரும்பு வெக்கறாரு. ஒரே பொண்ணு, தனுஷா. எனக்கும் தம்பிக்கும் பொறந்த ஊரு மணலூர்பேட்டைப் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் கரும்பு வெட்டற கூலி. சொந்தமா ஒரு சாண் நெலம் கெடையாது. ரெண்டு பேரும் அடுத்தடுத்து செத்துப் பூட்டாங்க. அப்ப அவன் பன்னண்டாவது. பரிச்ச முடிஞ்ச கையோட பைய எடுத்துக்கினு எங்கிட்ட வந்துட்டான். மாமா மாமான்னு எங்க வூட்டுக்காரரு பின்னாலயே கொல்லைக்குப் போவான். டிராக்டர் ஓட்டக் கத்துக்கினான், லைசென்ஸ் எடுத்தான். கள்ளக்குறிச்சியில பார்சல் கொண்டுபோய்க் குடுக்கற ஏஜென்சி ஒன்னுல வண்டி ஓட்டற வேலை கெடைச்சுது. சம்பளம் பேங்குல விழும். எங்க வம்சத்துலயே பேங்குல சம்பளம் விழுந்த மொத ஆளு அவன்தான். அன்னிக்கு நான் கடையில வந்தவங்களுக்கெல்லாம் ஒரு இட்லி சும்மா வெச்சேன்.

அந்த ஏஜென்சி குடோனுக்குத்தான் டை கட்டிக்கினு ரெண்டு பசங்க வந்தாங்களாம். சம்பளக் கணக்கு இருக்கற எல்லாருக்கும் கிரெடிட் கார்டு, ஒரு கையெழுத்து போதும்னாங்களாம். எல்லாரும் போட்டாங்க, இவனும் போட்டான். பளபளன்னு கார்டு வந்துச்சு. ஒரு வருசம் லைசென்சுக்குப் பின்னால சொருவியே வெச்சிருந்தான். ஒரு டீத்தூள் பொட்டணம் கூட அதுல வாங்கல. "அவசரத்துக்கு இருக்கட்டுங்க்கா"ம்பான்.

அவசரம் வந்துச்சு, எங்க நாத்தனா வாயிலருந்து.

குஞ்சம்மாள்னு பேரு. எங்க வூட்டுக்காரரோட அக்கா. அவங்க பொண்ணு வயசுக்கு வந்தப்ப, தாய்மாமன்ற மொறையில எங்க வூட்டுக்காரரு ஒன்னரை சவரன் போட்டு, தட்டு வரிசையோட போய் எறங்கினாரு. அந்த வருசத்துக் கரும்புப் பணம் மொத்தமும் அதுல போச்சு. போவட்டும், மொறைன்னு ஒன்னு இருக்குதில்ல. மறு வருசம் எம்பொண்ணு தனுஷா வயசுக்கு வந்தா. மொத ஆளா வந்து சேர்ல ஒக்காந்துக்கினு குஞ்சம்மா கேக்கறாங்க. "எந்தம்பி எம்பொண்ணுக்கு ஒன்னரை சவரன் போட்டான். உந்தம்பி இன்னா போடுவான் மலரு? பார்சல் டப்பாவா?"

சொல்லிட்டு கெக்கெக்கேன்னு ஒரே சிரிப்பு. அந்த நேரம் பாத்து பின்பக்கம் கை கழுவிட்டு உள்ள வந்துக்கினு இருக்கான் எந்தம்பி. காதுல விழுந்துடுச்சு. துண்ட எடுத்து கையத் தொடைச்சிக்கினு வண்டியெடுத்துக்கினு பூட்டான். சோறு போட்ட தட்டு அப்படியே இருந்துச்சு.

மஞ்ச நீராட்டு அன்னிக்கு தெருமொனையில பம்பை சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா, டிராக்டர் டிப்பர்ல தட்டு வரிசை வருது. முன்னால சரவெடி. பிளக்ஸ்ல இவன் கூலிங்கிளாஸ் போட்டுக்கினு நிக்கறான், தாய்மாமன் கவியரசன்னு கொட்டை எழுத்துல. பட்டுப் பொடவ, வெள்ளிக் கொலுசு, பழம், இனிப்பு. எல்லாத்துக்கும் முன்னால வெத்தல மேல வெச்ச ரெண்டு சவரன் சங்கிலி. குஞ்சம்மா அத எடுத்து உள்ளங்கையில போட்டு எடை பாக்கறாங்க, கொக்கியத் திருப்பி முத்திரையத் தேடறாங்க. முத்திரை இருந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சந்தோசம், பொய் சொல்லக் கூடாது, தலகால் புரியல. மணையில ஒக்காந்திருந்த எம்பொண்ணு கழுத்துல அவன் அதப் போட்டப்ப அழுதுட்டேன்.

பந்தி முடிஞ்சு பாத்திரம் வெளக்கறப்ப மெதுவா கேட்டேன். "டேய், ஏதுடா இவ்ளோ காசு?"

"கார்டுக்கா. நகைக்கடை, துணிக்கடை எல்லாம் அதுலயே தேய்ச்சிட்டேன். நாப்பத்தஞ்சு நாளு வரைக்கும் ஒத்த பைசா வட்டி கெடையாதாம்."

"நாப்பத்தாறாவது நாளு?"

"இன்னாக்கா நீ, வட்டிக்கடைக்காரி மாதிரி கேக்கற," ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சிட்டேன்.

இப்ப ஒன்னு சொல்லணும், இல்லன்னா உங்களுக்குப் புரியாது. எங்க பக்கம் கடன்னா எங்களுக்குத் தெரிஞ்சது நகைக் கடன்தான். நகைய பேங்குல வெப்போம். வருசம் திரும்புச்சுன்னா வட்டிய மட்டும் கட்டி, அன்னிக்கே திருப்பி வெச்சிட்டு வந்துடுவோம். அசலு அங்கயே கெடக்கும், நகையும் பத்திரமா அங்கயே கெடக்கும். என் வளையலு ரெண்டும் அப்படித்தான் வருசக்கணக்கா பேங்குல குடியிருக்குது. யாரும் யாரையும் கேவலமா பாக்க மாட்டாங்க. முன்ன ஒரு வாட்டி எலக்சன் வந்தப்ப கூட்டுறவு சொசைட்டியில நகைக் கடன் தள்ளுபடி ஆச்சு. கஷ்டப்பட்டு அசல கட்டி நகைய மீட்டவங்க தலையில அடிச்சிக்கினாங்க. வட்டிய மட்டும் கட்டிக்கினு கம்முனு கெடந்தவங்களுக்கு நகை சும்மா வூடு வந்து சேந்துச்சு. அதப் பாத்து வளந்தவன் எந்தம்பி.

கார்டுக்காரன் மாசாமாசம் போன்ல ரெண்டு தொகை அனுப்புவான். பெருசா ஒன்னு, சின்னதா ஒன்னு. ரெண்டுல எத வேணா கட்டலாமாம். இவன் பாத்தான். பெருசு அசலு, சின்னது வட்டி, அவ்ளோதான கணக்கு! சின்னத மாசம் தவறாம கட்ட ஆரம்பிச்சான். ஆறாயிரம், சில மாசம் அதுக்கும் ஜாஸ்தி. அவன் சம்பளமே பதினாலாயிரம். மீதியில டீசல் வாசத்தோட அலைஞ்சான். செருப்பு வார் அறுந்தா ஊக்கு குத்திக்கினான். காலையில எங்கடையில நாலு இட்லி, மத்தியானம் வெறும் டீ. இதுல ஒரு கூத்து கேளுங்க. கட்டுனவுடனே கட்டுன அளவுக்கு கார்டுல எடம் காலியாகுமாம். அதுல பெட்ரோல் போட்டுக்குவான். "பாத்தியாக்கா, ஒரு கையில வாங்கி இன்னொரு கையில திருப்பிக் குடுக்கறான். எவ்ளோ நல்லவன்!"ம்பான்.

அசலு எப்படா கட்டுவேன்னு கேட்டா, "இருக்கட்டுங்க்கா. வட்டிதான் ஒழுங்கா போவுதே. என்னிக்காவது தள்ளுபடி வரும்"னு சொல்லுவான். எங்க வூட்டுக்காரரும் தலைய ஆட்டுவாரு. ரெண்டு வருசம் இப்படியே ஓடிச்சு.

அப்பறம் ஒரு நாளு ஏஜென்சிக்காரன் குடோனப் பூட்டிட்டு பூட்டான். சம்பளம் நின்னுச்சு. வட்டியும் நின்னுச்சு. மொத மாசம் ஒரு பொண்ணு போன்ல பேசுச்சு, தேன்ல தொட்டா மாதிரி கொரலு. ரெண்டாவது மாசம் ஒர்த்தன் பேசுனான், அந்தக் கொரல நான் சொல்ல மாட்டேன். எந்நம்பர் எவன் குடுத்தானோ, கடையில கூட்டம் நெருக்கற நேரத்துல எனக்கும் வந்துச்சு. "உங்க தம்பி பணம் கட்டலன்னா வூட்டாண்ட ஆள் வரும்"ன்றான். "வரட்டும்டா, நாலு இட்லி துன்னுட்டு காசு குடுத்துட்டுப் போவட்டும்"னு கத்திட்டு வெச்சேன். கத்திட்டேனே ஒழிய, சட்னிய எலையில ஊத்தாம தரையில ஊத்துனேன்.

தம்பி பயந்துட்டான். அந்த சிம்மக் கழட்டி பெட்டியில போட்டுட்டு வேற நம்பர் வாங்கினான். கார்ட எங்கிட்ட குடுத்தான். "இது கண்ணுல பட்டா தூக்கம் வரலக்கா, நீ வெச்சிக்க." கடுகு டப்பாவுல போட்டு வெச்சேன்.

அப்பதான் நாராயணசாமி அண்ணன் வண்டியில ஓட்டப் போனான். அவரு நம்ம ஊரு விவசாயி. ஒரு குட்டியானை வெச்சிருக்காரு, அதான், சின்ன லோடு வண்டி. கரியாலூர் மலையிலருந்து மரவள்ளிக் கெழங்கு ஏத்திக்கினு வந்து ஜவ்வரிசி மில்லுல எறக்கணும். மலை ரோடு, வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கணும், மழைன்னா வழுக்கும். எந்தம்பிக்கு அது அல்வா மாதிரி. அந்த வண்டிய அவன் தொடைக்கறதப் பாக்கணுமே, கொழந்தைக்கு மூஞ்சி கழுவற மாதிரி தொடைப்பான். கரியாலூர்ல கெழங்கு போடறவங்க இவன் வண்டி வந்தாதான் மூட்டைய வெளிய எடுப்பாங்க. எடையில ஏமாத்த மாட்டான், வர்றேன்னா வந்துடுவான். அவன் மூஞ்சியில மறுபடியும் ஒரு தெளிவு வந்துச்சு.

ஆடியில அண்ணன் கடைக்கு வந்து, என் முன்னாலயே அவங்கிட்ட சொன்னாரு. "எனக்கு மூட்டு வலி, இனிமே வண்டிய வெச்சிக்கினு என்னால மாரடிக்க முடியாதுடா கவி. நீயே எடுத்துக்க. வெளியில ஜாஸ்தி கேப்பாங்க, உனக்கு கம்மியா முடிச்சித் தரேன். லோனு போட்டு வாங்கிக்க. தை முடியற வரைக்கும் வேற யாருகிட்டயும் வெல பேச மாட்டேன். அதுக்கு மேலன்னா ஆத்தூரு பார்ட்டிக்கு குடுத்துடுவேன், வருத்தப்படாத."

அன்னிக்கு எந்தம்பி ரெண்டு இட்லி எச்சா துன்னான். சொந்த வண்டி! கூலிக்காரன் பையன் மொதலாளி ஆவப் போறான்னு எனக்கு மாவு ஆட்டறப்ப எல்லாம் அதே நெனப்பு.

கள்ளக்குறிச்சியில வண்டிக்கு லோனு குடுக்கற கம்பெனிக்கு ரெண்டு பேரும் டவுன் பஸ் புடிச்சிப் போனோம். உள்ள இருந்த பையன் மரியாதையாத்தான் பேசுனான். எந்தம்பியோட பான் கார்டு நம்பரத் தட்டுனான், கம்ப்யூட்டரப் பாத்தான், மூஞ்சி மாறிப் போச்சு. "சாரிண்ணா. கார்டுல பாக்கி நிக்குது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல. சிபில் ஸ்கோரு ரொம்ப கீழ போயிடுச்சு. எங்க போனாலும் குடுக்க மாட்டாங்க."

நான் வுடுவனா? "தம்பி, அது எப்படிப்பா? தேய்ச்சதே ஒன்னே கால் லட்சம். ரெண்டு வருசமா வட்டி கட்டியிருக்கான். அசலாவது அப்படியே நிக்கணுமே, ஏறுமா?"

அவன் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தான். வெளிய வந்து படியில ஒக்காந்துட்டான் எந்தம்பி. நான் வாங்கிக் குடுத்த டீ கையிலயே ஆறிப் போச்சு.

அந்த வாரமே என் வளையல திருப்பி வெக்க பேங்குக்குப் போனேன். நகைக் கடன் பாக்கற ரம்யா மேடம் நல்ல பொண்ணு, வெடுக்குன்னு பேசாது. அதுங்கிட்ட எல்லாத்தையும் கொட்டுனேன். அது பேனாவ கீழ வெச்சிட்டு சொல்லிச்சு. "அக்கா, உங்க நகைக் கடனுக்கு வருசத்துக்கே நூத்துக்கு ஒம்பது பத்து ரூபாதான் வட்டி. கார்டுக்கு மாசத்துக்கு மூணு மூன்றரை ரூபா. வருசக் கணக்குல நாப்பதுக்கு மேல போயிடும். அந்தச் சின்னத் தொகை வட்டி இல்லக்கா. இந்த மாசம் அபராதம் போடாம இருக்க அவங்க கேக்கற கொறைஞ்ச தொகை, அவ்ளோதான். அதுல முக்காவாசி வட்டிக்கே போயிடும்."

"அப்ப பெருசு?"

"பெருச தேதிக்குள்ள முழுசா கட்டுனா வட்டியே கெடையாது. கார்டு நல்லதுதான். ஆனா கொஞ்சம் பாக்கி வெச்சாலும் மொத்தத்துக்கும் வட்டி ஓட ஆரம்பிச்சிடும். பாக்கி இருக்கறப்ப பெட்ரோல் போட்டாரு பாருங்க, அதுக்கெல்லாம் போட்ட அன்னிலருந்தே வட்டி. கையில இருக்கற காசுக்கு மட்டும்தான் கார்ட தேய்க்கணும்க்கா. இல்லாத காசுக்கு தேய்ச்சா இப்படித்தான்."

கந்து வட்டிக்காரனாவது வூட்டாண்ட வந்து நின்னு, இன்னும் இவ்ளோ இருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். இந்தக் கார்டுக்காரன் போன்ல ரெண்டு நம்பர் அனுப்பிட்டு கம்முனு இருந்துட்டான். எழுதித்தான் இருக்குமாம், கீழ, பொடி எழுத்துல, இங்கிலீசுல. யாரு படிச்சாங்க?

"இப்ப இன்னாம்மா வழி?"ன்னேன். "மொதல்ல முழுசா கட்டணும். கட்டிட்டு கார்ட மூடிடச் சொல்லுங்க. அஞ்சாறு மாசம் வேற எந்தக் கடனும் வாங்காம சுத்தமா இருந்தா, வண்டி லோனுக்கு நானே மேனேஜர்கிட்ட பேசறேன்"னு சொல்லிச்சு.

வூட்டுக்கு வந்து தம்பிகிட்ட அவ்ளோவும் சொன்னேன். நம்பல. "பேங்குல இருக்கறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அசல புடுங்கணும்ல"ன்றான். சரி, எப்படியோ கட்டணும்ல? கட்ட காசு எங்க? ஊரு ஒலகத்துல நம்மகிட்ட வெல ஏறிக்கினே இருந்த பொருளு ஒன்னுதான். தனுஷா கழுத்துல கெடக்கற சங்கிலி. அவன் வாங்குனப்ப இருந்ததுக்கு தங்கம் இப்ப எங்கயோ போய் நிக்குது. அத வித்தா கார்டும் அடையும், கையில கொஞ்சம் மிச்சமும் நிக்கும். சொன்னேன்.

அவன் அப்படி கத்தி நான் பாத்ததில்ல. "சீரு போட்டத திருப்பி வாங்கச் சொல்றியா? தாய்மாமன் போட்ட தங்கத்த தாய்மாமனே வித்துத் துன்னான்னு உன் நாத்தனா பேசறதுக்கா? நாளைக்கு அவ கல்யாணத்துல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு மொறை செய்வேன்? அதுக்கு நான் செத்துப் போயிடலாம்க்கா."

செத்துப் போயிடலாம்னான் பாருங்க, அத்தோட அவங்கிட்ட அந்தப் பேச்ச வுட்டேன். அவன் சும்மா சொல்றவன் கெடையாது. எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். "உந்தம்பி போட்டது. நீயும் உம்பொண்ணும் பாத்துச் செய்ங்க, எங்காதுக்கு வரல"ன்னுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் பூட்டாரு. தனுஷாதான் கழட்டுனா. பத்தாவது முடிச்ச புள்ள, என்ன விட வெவரம். "மாமா வண்டி வாங்கட்டும்மா. சங்கிலி அப்பறம் வாங்கிக்கலாம். மாமாவுக்குத் தெரிய வேணாம்." கழட்டி என் கையில வெச்சிட்டு வெறுங்கழுத்த ஒரு வாட்டி தடவிப் பாத்துக்கினா.

ஆவணியில வித்தேன். ரம்யா மேடமே கடுகு டப்பா கார்டுல இருந்த நம்பர வெச்சி பணத்த அனுப்பிக் குடுத்துச்சு. பாக்கி சுத்தமா அடைஞ்சுது. "மூடியும் குடுத்துடும்மா"ன்னேன். "பணம் யாரு வேணா கட்டலாம்க்கா. மூடணும்னா அவருதான், அவரோட பழைய நம்பர்லருந்து பேசணும்"னு சொல்லிடுச்சு. மிச்சக் காசுல ஒரு கவரிங் சங்கிலி வாங்கினேன், அதே மாதிரி முறுக்கு டிசைனு. மீதிய வண்டி அட்வான்சுக்குன்னு அரிசிப் பானையில போட்டேன்.

அவன மூட வெக்கறதுதான் பெரும்பாடா போச்சு. "டேய், அந்த சிம்மப் போட்டு, கார்ட மூடச் சொல்லி ஒரு போன் பண்ணிட்றா"ன்னேன். "பாக்கி இருக்கறப்ப எப்படிக்கா மூடுவான்? போட்டவுடனே கத்துவான்." பாக்கி இல்லடான்னு சொல்ல முடியுமா? எப்படி இல்லன்னு கேப்பான். நல்ல நேரம் பாத்து பக்குவமா சொல்லிக்கலாம், நல்ல நேரம் பாத்து சொல்லிக்கலாம்னு நாளத் தள்ளிக்கினே வந்தேன். சிம்முதான் பெட்டியில கெடக்குதே, கார்டு எங்கிட்டதான கெடக்குது, தை வரைக்கும் ஓட்டிடலாம்னு ஒரு தெகிரியம். அவனும் மலைக்கும் மில்லுக்கும் ஓடிக்கினு, தையில எப்படியாச்சும் வண்டிய வாங்கிடுவேன்னு சொல்லிக்கினே இருந்தான். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும். உனக்குத் தெரியாமலே வழி பண்ணி வெச்சிருக்கேன்டான்னு நெனச்சிக்குவேன்.

தீவாளி வந்துச்சு. குஞ்சம்மா எங்க வூட்டுக்கு வந்திருந்தாங்க. வடை சுட்டுக்கினு இருக்கேன், புதுச் சட்டையோட ஓடி வரான் எந்தம்பி. மூஞ்சியெல்லாம் பல்லு.

"அக்கா! நான் சொன்னேன்ல, வந்துடுச்சு! தள்ளுபடி!"

"இன்னாடா தள்ளுபடி?"

"ஆதாருல எதையோ மாத்தணும்னு பழைய சிம்மப் போட்டேன்க்கா. பாத்தா, பாக்கி ஒன்னுமே இல்லன்னு வந்திருக்குது! மொத்தமும் தள்ளிட்டான். எலக்சன் வருதுல்ல!"

"எங்களுக்கெல்லாம் ஒன்னும் வரலியேப்பா," ன்றாங்க குஞ்சம்மா.

"ஒழுங்கா வட்டி கட்டுனவங்களுக்கு மட்டும் போல இருக்குது அத்தாச்சி," ன்னுட்டு சட்டப் பையிலருந்து ஒரு செவப்பு டப்பாவ எடுத்தான். தொறந்தா, ஜிமிக்கி. தங்கம். அர சவரன்.

கரண்டி என் கையிலயே நின்னு போச்சு. "இது ஏதுடா?"

"கார்டுதான்! மறுபடியும் வேலை செய்யுதுக்கா."

"கார்டு எங்கிட்ட இல்ல கெடக்குது?"

"அது எதுக்கு? பழைய சிம்மு இருந்துச்சே, கார்ட போன்லயே ஏத்திட்டேன். கடையில போனக் காட்டுனா போதும். தங்கம் ஏறிக்கினே போவுது, அப்பறம் நம்மளால வாங்க முடியாது. அந்தச் சங்கிலிக்கு ஜோடியா இருக்கட்டும்னுதான். இதுக்கும் அந்தச் சின்னத் தொகைய மாசாமாசம் கட்டிக்கினு வந்தா, அடுத்த எலக்சன்ல இதுவும் பூடும்."

"வண்டிடா? வண்டி?"

"பாக்கிதான் இல்லியேக்கா! தையில போய் கேட்டா தட்டுல வெச்சிக் குடுப்பான்."

வடை கருகற வாசம் வந்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சுங்க. அட பாவி, தள்ளுபடியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, நீ போட்ட சீர வித்துத்தான்டா அடைச்சேன், இனிமே ஒரு பைசா தேய்க்காதடா, அந்த வண்டி உன் வண்டிடான்னு அலறணும் போல இருந்துச்சு. சொன்னா குஞ்சம்மா காதுல விழும். விழுந்தா ஊரு பூரா விழும். அவன் என்னிக்கோ சொன்ன வார்த்த என் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. சொல்லலன்னாலோ, மாசாமாசம் மறுபடியும் அந்தச் சின்னத் தொகை, மறுபடியும் ஊக்கு குத்துன செருப்பு, தையில வண்டியும் ஆத்தூருக்குப் பூடும். எங்க வூட்டுக்காரரப் பாத்தேன். அவரு தரையப் பாத்துக்கினு இருந்தாரு.

"எம்மா தனுஷா, சங்கிலியப் போட்டுக்கினு வா, சேத்துப் பாக்கலாம்," னு கூப்புட்டான்.

அவ என்ன ஒரு பார்வ பாத்தா. உள்ள போனா. வர கொஞ்சம் நேரம் ஆச்சு. முறுக்குச் சங்கிலி கழுத்துல தொங்க, தலைய குனிஞ்சிக்கினு வந்து மாமன் முன்னால நின்னா. அவனே ரெண்டு காதுலயும் ஜிமிக்கிய மாட்டி விட்டான். குஞ்சம்மா எழுந்து வந்து சங்கிலிய ரெண்டு வெரல்ல தூக்கிப் பாத்தாங்க. நல்லவேள, கொக்கியத் திருப்பல.

"மூணு வருசம் ஆவப் போவுது, இன்னும் இன்னா மின்னு மின்னுது பாரு," ன்னாங்க. "மாமன்னா இவன்தான் மலரு. அன்னிக்கு இன்னமோ வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதப்பா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான அவன் இத்தன வருசம் வெறும் டீ குடிச்சிக்கினு கெடந்தான்! கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு. புதுச் சட்டைக் கையில தொடைச்சிக்கினு எம்பக்கம் திரும்புனான்.

"பொருத்தமா இருக்குதில்லக்கா?"

"இருக்குதுடா," ன்னேன். கருகுன வடைய எடுத்துப் போட்டுட்டு அடுத்தது தட்டுனேன்.